அலாய் வீலுக்கு ஹப் ரிங் அவசியமா? கேள்வி பதில்

வில்லியனூர்: ஸ்விஃப்ட்டுக்கு வெளிக்கடை அலாய் போட்டேன் அண்ணே. திண்டிவனம் ரோட்டில் 90ஐத் தாண்டினால் ஸ்டியரிங் உதறுகிறது. மறுபடி பேலன்சிங் பண்ணியும் போகவில்லை.

பதில்: பேலன்சிங் மெஷின் வீலின் நடு ஓட்டையைக் கூம்பால் பிடித்துச் சுற்றுகிறது தம்பி. உங்கள் காரில் அந்த ஓட்டை எதையுமே பிடிக்கவில்லை. ஸ்விஃப்ட் ஹப், அதாவது வீல் உட்காரும் நடு மேடு, 54.1 மி.மீ. பல கார்களுக்கும் ஆகட்டும் என்று வெளி அலாயில் 73.1 வரைகூட ஓட்டை விடுவார்கள். அதனால் மெஷினில் சரியாகச் சுற்றிய வீல், வண்டியில் கொஞ்சம் விலகி உட்கார்ந்தாலும் வேகத்தில் கைக்குத் தெரியும். அலாயின் ஓட்டையை வெர்னியரில் அளந்து, வெளியே அந்த அளவும் உள்ளே 54.1ம் வருகிற ஹப் ரிங் வாங்குங்கள். ஹப்புக்கும் ஓட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைக்கிற வளையம் அது. மாட்டும் முன் ஹப் முகத்துத் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துவிடுங்கள். நம் கடலோரக் காற்றில் துரு சீக்கிரம் ஏறும், அதன்மேல் வீல் சாய்ந்துதான் உட்காரும். ஜாக்கியில் நிற்கும்போதே நட்டுகளை எதிரெதிராக இறுக்கி வீலை உட்கார வையுங்கள். கடைசி இறுக்கம் மட்டும் தரையில், டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்பேனர்).

மஞ்சக்குப்பம்: கூம்பு நட்டே வீலை நடுவுக்கு இழுத்துவிடும். ரிங் வீண் செலவு.

பதில்: பாதி சரி. எடையைத் தாங்குவதும் ரிங் இல்லை, நட்டு இறுக்கத்தில் வீல் ஹப்போடு அழுந்துகிற பிடிமானம்தான்.

மஞ்சக்குப்பம்: அப்போ ரிங் இல்லாமலே ஓட்டலாமே?

பதில்: ஓட்டலாம், பொறுமையாக மாட்டினால். வழியில் பஞ்சர் ஆகி, வண்டியை இறக்கிவிட்டு ஏர் கன்னால் முதல் நட்டையே முழுக்க அடித்தால் வீல் விலகினபடியே நின்றுவிடும். ரிங் இருந்தால் யார் மாட்டினாலும் நடுவில் உட்காரும். அதற்குத்தான் செலவு பண்ணச் சொல்கிறேன்.

முத்தியால்பேட்டை: பிளாஸ்டிக்கா, அலுமினியமா?

பதில்: ஊருக்குள் ஓட்ட பிளாஸ்டிக் போதும். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறினால் இளகலாம். அலுமினியம் உப்புக் காற்றில் ஹப்போடு ஒட்டிக்கொள்ளும், லேசாக கிரீஸ் தடவுங்கள். நட்டு ஏறும் ஸ்டட்டில் கிரீஸ் படக் கூடாது.

நெல்லிக்குப்பம்: ஹோண்டா சிட்டி. கம்பெனி நட்டையே அலாய்க்குப் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. ஹோண்டா நட்டின் அடி உருண்டை, வெளி அலாய் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. முழுதாகப் படியாமல் நட்டு தளரும். ரிங்கைவிட இதுதான் உயிர்ப் பிரச்சினை.

பாகூர்: போலோவுக்கு கிரெட்டா அலாய் கிடைத்தது. ரிங் போட்டால் ஆகுமா?

பதில்: ஆகாது. போலோ 5x100, அதாவது 100 மி.மீ. வட்டத்தில் 5 போல்ட்; கிரெட்டா 5x114.3. போல்ட் ஓட்டைகளின் இடமே வேறு.

அரியாங்குப்பம்: பேலன்சிங் பண்ணியும் உதறுகிறது சார்.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கடலூர் முதுநகர்: எனக்கும் உதறல்தான். ஏர் கன்னால்தான் இறுக்கினார்கள்.

பதில்: முதல் பதில்தான் உங்களுக்கும். தரையில் வைத்து ஏர் கன்னை முழுக்க அடிக்க விடாதீர்கள். மாட்டி 100 கி.மீ.க்குள் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சில் பாருங்கள்.