சூப்பர்வைசர் ஆன பிறகு சம்பளம் குறைந்துவிட்டது, என்ன செய்வது?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 32. சுங்கை சிப்புட்டில் ஒரு பியூட்டி பார்லரில் ஏழு வருடமாக வேலை செய்கிறேன். அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி, என் கையால் செய்யும் வேலைக்கு மாதம் 450 வெள்ளி போலக் கமிஷன் வரும். போன மாதம் முதலாளியம்மா என்னை சூப்பர்வைசர் ஆக்கி 1,900 தருவதாகச் சொன்னார், ஆனால் சூப்பர்வைசருக்குக் கமிஷன் கிடையாதாம். கடை மூடிய பிறகு கணக்கு முடித்துக் கிளம்ப தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாகிறது. கேட்டால், “சிப்புட்டில் அப்படி என்ன செலவு, உனக்கு வீட்டு வாடகைகூட இல்லையே” என்கிறார். கோலாலம்பூரில் என் தோழி 2,800 வாங்குகிறாள். நானும் போய்விடலாமா? பிள்ளைக்கு 5 வயது, என் அம்மாதான் பார்த்துக்கொள்கிறார்.

பதில்: தங்கச்சி, கோலாலம்பூரைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். முதலில் ஒரு காகிதத்தை எடுங்கள். 1,700-ம் 450-ம் சேர்ந்தால் 2,150. இப்போது 1,900. பதவி உயர்வு என்று சொல்லி மாதம் 250 வெள்ளியைக் குறைத்திருக்கிறார்கள், அதுவும் ஒரு மணி நேரம் அதிகமாக வேலை வாங்கிக்கொண்டு.

அந்த ஒரு மணி நேரத்தையும் கணக்குப் போட வேண்டும். சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை, ஆறு நாள் என்றால் ஒரு நாளைக்கு ஏழரை மணி. 1,900-ஐ 26 நாளால் வகுத்தால் 73 வெள்ளி சொச்சம், அதை ஏழரையால் வகுத்தால் மணிக்கு 9 வெள்ளி 74 காசு. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அப்படியென்றால் 14 வெள்ளி 60 காசு. மாதம் 26 நாளுக்கு ஏறக்குறைய 380 வெள்ளி. சூப்பர்வைசருக்கு ஓவர்டைம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்குள் இருக்கும்வரை பதவிப் பெயர் என்னவாக இருந்தாலும் அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

நானும் இதில் விழுந்தவள்தான். இருபத்தெட்டு வயதில் ஒரு சலவைக் கடையில் என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள், சட்டையில் பெயர் பொறித்த பட்டை குத்திக்கொண்டு வந்ததைப் பார்த்து ரப்பர் வெட்டிப் பிழைத்த என் அம்மா அழுதுவிட்டார். ஓவர்டைமை எடுத்துவிட்டார்கள் என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் உறைத்தது. அம்மா சந்தோஷப்பட்டதை நினைத்து வாயைத் திறக்காமல் இருந்தேன், அப்படி இருந்திருக்கக் கூடாது.

அந்தக் காலத்துத் தோட்டக் கங்காணிக்கே தலைக்காசு என்று ஒன்று இருந்தது, வேலைக்கு இறங்கிய ஆள் கணக்குக்கு இவ்வளவு என்று. கங்காணி முறையில் நடந்த கொடுமையெல்லாம் வேறு கதை, ஆனால் பத்துப் பேரை மேய்ப்பது தனி வேலை, அதற்குத் தனிக் காசு என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,500-லிருந்து 1,700 ஆனது 2025 பிப்ரவரியில், ஐந்து பேருக்குக் குறைவான கடைகளுக்கு ஆகஸ்டில். அதற்கு முன் புதிதாக வந்த பெண்ணைவிட நீங்கள் 200 வெள்ளி மேலே இருந்திருப்பீர்கள். அவள் சட்டத்தால் 1,700-க்கு ஏறினாள், நீங்கள் அங்கேயே நின்றீர்கள். இப்போது உங்கள் கமிஷனையும் எடுத்துவிட்டால், நீங்கள் புருவம் எடுக்கக் கற்றுக்கொடுத்த அந்தப் பெண் மாதம் 300 வெள்ளி கமிஷன் பார்த்தாலே உங்களைவிட அதிகம் வாங்குவாள்.

சரி, சிப்புட்டில் செலவு இல்லை என்கிற பேச்சுக்கு வருவோம், எனக்குக் கோபம் வந்ததே அதில்தான். இங்கே வாடகை குறைவு, உண்மை. ஆனால் பெட்ரோல் விலை ஊருக்கு ஊர் மாறுவதில்லை, போன் பில்லும் மோட்டார் தவணையும் மாறுவதில்லை, பால் மாவு டின் எங்கே வாங்கினாலும் பர்ஸ் காலிதான். நல்ல ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க ஈப்போவுக்கு ஓட வேண்டும், அந்தச் செலவு ஈப்போக்காரருக்கு இல்லை. வாடகை இல்லாமல் நீங்கள் இருப்பது உங்கள் அம்மா செய்யும் உதவி, அதை முதலாளியம்மா தன் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது.

அதே காரணத்தால்தான் கோலாலம்பூருக்கு உடனே கிளம்பாதீர்கள் என்கிறேன். தோழியின் 2,800-க்கும் உங்கள் பழைய 2,150-க்கும் வித்தியாசம் 650. ஒரு அறை வாடகை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்குக் காசு, மாதம் ஒரு தடவை ஊருக்கு வந்து போவது, இதற்கே அது காணாது. பிள்ளையை அம்மாவிடம் விட்டுப் போகலாம் என்றால் அது காசுக் கணக்கு இல்லை, அதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

முதலாளியம்மாவிடம் தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே பேசுங்கள். ஃபேஷியலுக்கும் மணப்பெண் அலங்காரத்துக்கும் ஆள் வரிசையில் நிற்கும் நேரத்தில் உங்களை இழக்க அவருக்கு மனம் வராது. அடிப்படை 2,100, உங்கள் கை வேலைக்குப் பழைய கமிஷன் அப்படியே, கூடுதல் மணி நேரத்துக்கு ஓவர்டைம். இதைக் கேளுங்கள். அடிப்படை ஏறாது என்று பிடிவாதமாக இருந்தால், கடையின் மொத்த வசூலில் ஒரு சிறு பங்கு கேளுங்கள், தலைக்காசு மாதிரி. கமிஷனுக்கும் இபிஎஃப் என்கிற ஊழியர் சேமநிதி கட்ட வேண்டும், முதலாளி பங்கு 13 விழுக்காடு, அதனால் எல்லாம் சம்பளச் சீட்டில் வரட்டும், கையில் கொடுக்கும் கவர் வேண்டாம். புதுச் சம்பளக் கடிதம் நீட்டினால் கமிஷன் பற்றிய வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இன்றிலிருந்து தினமும் கடை மூடும் நேரத்தையும் நீங்கள் கிளம்பும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

மறுத்துவிட்டால் ஈப்போ இருக்கிறது, செம்மோர் வழியாகப் பழைய சாலையில் போகலாம், ஹைவேயில் போனாலும் மோட்டாருக்கு டோல் இல்லை, ராத்திரி பிள்ளையோடு சாப்பிட வந்துவிடலாம். அங்கே இரண்டு மூன்று பார்லரில் சம்பளம் கேட்டுவிட்டு வாருங்கள், அதற்கப்புறம் முதலாளியம்மா முன்னால் உட்காருங்கள். தராத ஓவர்டைமைக் கேட்டும் தரவில்லை என்றால் அந்த நோட்டோடும் சம்பளச் சீட்டோடும் ஈப்போவில் உள்ள தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். என்ன நடந்தது என்று எனக்கு மறுபடியும் எழுதுங்கள் தங்கச்சி.