அலமாரி நிறைய கேம், முடிச்சது கொஞ்சம்தான்

வீடியோ கேம் ஆடுறது, சேர்த்து வைக்கிறது பத்தி வாசகர்கள் அனுப்பின கேள்விகளும் நம்ம பதில்களும்.

கேள்வி: எந்த லிஸ்ட்ட எடுத்தாலும் முதல் வரிசைல இருக்கேன்னு ‘ஆக்கரினா ஆஃப் டைம்’ ஆட ஆரம்பிச்சேன் சார். ரெண்டு மணி நேரத்துல கொட்டாவி வந்துடுச்சு. கோளாறு எனக்கா, கேமுக்கா?

ரெண்டு பேருக்கும் இல்லைங்க. அது நின்டெண்டோ 64 கன்சோல்ல வந்த ‘செல்டா’ சாகச கேம், வந்தது 1998. அந்த நேரத்துல 3டி கேம்னாலே பெரிய தலைவலி கேமராதான், எதிரி ஒரு பக்கம் நிப்பான், நம்ம ஆளு இன்னொரு பக்கம் பார்த்து கத்திய வீசிட்டு இருப்பான். இந்த கேம்ல இசட் பட்டன அமுக்கினா போதும், கேமரா எதிரி மேலயே நிக்கும், நீங்க அவன சுத்திச் சுத்தி வந்து அடிக்கலாம். இன்னிக்கு பாதி ஆக்‌ஷன் கேம்ல இருக்கிற லாக் ஆன் இதுதானே, அதனால உங்களுக்கு அது பெருசா தெரியாது, ஏற்கனவே பேரப்பிள்ளைங்கள பார்த்துட்டு வந்து தாத்தாவப் பார்த்து ‘என்ன இவரு, எல்லார் மாதிரியும் இருக்காரு’ன்னு கேக்குற கதை.

அதுக்காக எல்லாத்தையும் சகிச்சுக்கணும்னு இல்ல. ஆரம்பத்துல கிராமத்துல ஒரு கத்தியத் தேடி, 40 ரூபி (அந்த கேமோட காசு) சேர்த்து கேடயம் வாங்கினாத்தான் ஒருத்தன் வழி விடுவான், அந்த இடத்துல எனக்கும் சலிப்பு வந்தது. தண்ணிக் கோயில்னு ஒண்ணு வரும், அதுல இரும்பு பூட்ஸ போட ஒருக்கா, கழட்ட ஒருக்கா மெனுவுக்குப் போய் போய் வரணும், 2011ல நின்டெண்டோவோட கையடக்கக் கருவி 3டிஎஸ்ல மறுபடி விட்டப்போ அதையே பட்டன்ல வெச்சுக்குற மாதிரி மாத்திட்டாங்க. அதாவது செஞ்சவங்களே ஒத்துக்கிட்ட குறை. விமர்சகங்க மார்க்கச் சேர்த்து சராசரி போடுற மெட்டாக்ரிட்டிக் சைட்ல 99 மார்க்னு போட்டிருக்கே, அது அன்னிக்கு ஆடினவங்க போட்ட மார்க்கு, உங்களுக்கு வெச்ச பரீட்சை இல்ல. முதல்ல வர்ற பெரிய மரத்துக் குகை முடியிற வரைக்கும் ஆடிப் பாருங்க, அதுக்கப்புறமும் தூக்கம் வந்தா தூங்குங்க.

கேள்வி: உண்மையச் சொல்லுங்க, உங்ககிட்ட இருக்கிற கேம்ல எத்தனைய முடிச்சிருக்கீங்க?

மூணுல ஒண்ணு இருக்கும். என் மனைவி கணக்குல அதவிடக் கம்மி.

கேள்வி: பழைய ‘போக்கிமான் கோல்ட்’ கார்ட்ரிட்ஜ் ஒண்ணு கிடைச்சது அண்ணே. கேம் நல்லா ஓடுது, ஆனா ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சேவ் காணோம். எங்க ஊதினா சரியாகும்?

முதல்ல ஊதுறத நிறுத்துங்க தம்பி. நாம எல்லாரும் ஊதித்தான் வளர்ந்தோம், ஆனா அது வேலை செஞ்ச மாதிரி இருந்ததுக்குக் காரணம் கழட்டி மறுபடி சொருகினதுதான். வாயில இருந்து போற ஈரம் அந்தப் பித்தளை கலர் காண்டாக்ட்ல படிஞ்சு மெதுவா அரிச்சுடும். இயர் பட்ஸ்ல ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு துடைச்சுட்டு நல்லா காய விடுங்க, கருப்பா அழுக்கு வந்துட்டே இருக்கும், வராம நிக்கிற வரைக்கும் துடைங்க.

ஆனா உங்க பிரச்சனை அது இல்ல, பேட்டரி. அந்தக் காலத்து நிறைய கார்ட்ரிட்ஜ்ல சேவ் உக்காந்திருக்கிற சிப்புக்கு எப்பவும் கொஞ்சம் கரண்ட் வேணும், அதுக்காக காசு மாதிரி வட்டமா ஒரு பேட்டரிய உள்ளயே சால்டர் பண்ணி அனுப்பிட்டாங்க. கோல்ட், சில்வர் ரெண்டுலயும் ராத்திரி பகல் காட்டுற கடிகாரம் வேற இருக்கு, அதுவும் அதே பேட்டரியத்தான் குடிக்குது, கேம் பொட்டில தூங்கினாலும் கடிகாரம் தூங்காது, அதான் மத்ததவிட சீக்கிரம் தீந்துடுது. எல்லாத்துலயும் இந்தத் தொல்லை இருக்குன்னு நினைக்காதீங்க, ‘சூப்பர் மாரியோ 64’ல சேவ் பேட்டரி இல்லாம நிக்கிற சிப்ல இருக்கு, அதே கன்சோல்ல வந்த ஆக்கரினால பேட்டரிதான்.

மாத்துறது கஷ்டம் இல்ல, சால்டரிங் பழக்கம் இருந்தா பத்து நிமிஷ வேலை. ஸ்க்ரூ மட்டும் சாதா ஸ்க்ரூட்ரைவருக்கு அசையாது, அதுக்குன்னு தனி பிட் விக்கிறாங்க. தகடு வெல்ட் பண்ணி வர்ற பேட்டரியா பார்த்து வாங்குங்க, டேப் ஒட்டி ஒப்பேத்தினா ஒரு நாள் கை தவறி கீழ விழும்போது சேவும் சேர்ந்து விழும். இன்னொண்ணு, பேட்டரிய எடுத்த உடனே உள்ள இருக்கிறதெல்லாம் போயிடும். உங்களுதுல ஏற்கனவே போயிடுச்சு, பரவால்ல. ஆனா சேவ் இன்னும் உயிரோட இருக்கிற கார்ட்ரிட்ஜ் யார்கிட்டயாவது இருந்தா முதல்ல யுஎஸ்பி ரீடர்ல போட்டு கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்துட்டுத்தான் ஸ்க்ரூவத் தொடணும். இதத் தெரியாம நான் பிரிச்சு, யாரோ ஒரு குழந்தை வருஷக்கணக்கா வளர்த்து வெச்சிருந்த டீம அரை செகண்ட்ல அழிச்சேன். செகண்ட் ஹேண்ட்ல வந்த கார்ட்ரிட்ஜ், அந்தக் குழந்தை யாருன்னே தெரியாது, இருந்தாலும் அன்னிக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

பிரிக்கும்போதே ஒரிஜினலான்னும் பார்த்துடுங்க. நான் ஒருத்தர்கிட்ட வாங்கி ஏமாந்தது இப்படித்தான், லேபிள் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தது, நானும் ‘ஆஹா எவ்ளோ நல்லா வெச்சிருக்காங்க’ன்னு பூரிச்சுப் போனேன், உள்ள திறந்தா சிப்புக்குப் பதிலா தார் ஊத்தின மாதிரி கருப்பா ஒரு பொட்டு, பேட்டரிக்கான இடமே இல்ல.

கேள்வி: கஷ்டமான கேமுக்குத்தான் மரியாதைங்கிறாங்க. ‘டார்க் சோல்ஸ்’ முதல் பாஸ்கிட்டயே செத்துட்டு இருக்கேன். விட்டுடலாமா?

கையில உடஞ்ச கத்தி வெச்சுக்கிட்டு அந்தக் குண்டு பூதத்த அடிச்சுட்டு இருக்கீங்கன்னா ஒரு விஷயம், அப்ப அடிக்கவே தேவையில்ல, பக்கத்துல ஒரு கதவு திறந்திருக்கும், ஓடிடுங்க, ஆயுதம் எடுத்துட்டு அப்புறம் வரலாம். அதுக்கப்புறமும் பிடிக்கலன்னா தாராளமா விடுங்க.

கேள்வி: டிஸ்க் வாங்குறதா, டவுன்லோடா? வீட்ல இடம் இல்ல.

இடம் இல்லன்னா டவுன்லோடுதான், இதுல என்ன தத்துவம். ஆனா டவுன்லோட்னா வாங்கினதா அர்த்தம் இல்ல, ஆட அனுமதி வாங்கியிருக்கீங்க, அவ்வளவுதான். 2024ல இருந்து பிசி கேம் விக்கிற ஸ்டீம் கடைலயே காசு கட்டுற பக்கத்துல இது லைசென்ஸ்தான்னு எழுதிட்டாங்க. 2014ல ‘பி.டி.’ன்னு ஒரு பேய் டெமோ இலவசமா வந்தது, ஒரே ஒரு வீட்டு நடைபாதை, அதுலயே சுத்திச் சுத்தி வரணும், நான் விளக்கப் போட்டுட்டுத்தான் ஆடினேன். அடுத்த வருஷமே ஸ்டோர்ல இருந்து தூக்கிட்டாங்க, அத வெச்சிருந்த பிளேஸ்டேஷன் 4 மட்டும் திடீர்னு பொக்கிஷம் ஆச்சு. 2023 மார்ச்ல நின்டெண்டோ வீ யூ, 3டிஎஸ் ரெண்டோட ஆன்லைன் கடையையும் மூடினாங்க, அங்க மட்டுமே கிடைச்ச சின்னச் சின்ன கேமெல்லாம் இனிமே புதுசா யாரும் வாங்க முடியாது. அதே வருஷம் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் கணக்கு எடுத்துப் பார்த்தா, அமெரிக்காவுல 2010க்கு முன்னாடி வந்த கேம்ல 87 சதவீதம் அன்னிக்குக் கடைல வாங்கக் கிடைக்கல.

சரி அப்ப டிஸ்க்குதான் பத்திரம்னு துள்ளவும் முடியல. இப்ப வர்ற சில டிஸ்க்குல பாதி கேம்தான் இருக்கு, மீதி நெட்ல இறக்கணும், 2025ல வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு கேமே இல்லாத சாவி கார்டு கூட விக்கிறாங்க, கார்டையும் சொருகணும், கேமையும் இறக்கணும், ரெண்டு பக்கத்துத் தொல்லையும் ஒரே டப்பாவுல. நான் செய்யிறது இதுதான், மறுபடி ஆடுவேன்னு நிச்சயமா தெரிஞ்ச கேம் மட்டும் டிஸ்க்கு, மத்ததெல்லாம் டவுன்லோடு, பிசில கிடைச்சா, காப்பி பூட்டு இல்லாம விக்கிற ஜிஓஜி ஆன்லைன் கடைல வாங்கி இன்ஸ்டாலர தனி ஹார்ட் டிஸ்க்ல எடுத்து வெச்சுடுவேன்.

கேள்வி: சீல் பிரிக்காம வெச்சா பின்னாடி லட்சாதிபதி ஆகலாமாமே?

2021ல சீல் பிரிக்காத ‘சூப்பர் மாரியோ 64’ ஒண்ணு ஏலத்துல 15.6 லட்சம் டாலருக்குப் போச்சு, அதுல இருந்து எல்லார் வீட்டுப் பரண்லயும் புதையல் இருக்குன்னு ஒரு நினைப்பு. இருக்காது. அதோட பிரிக்காத டப்பாவுல கேம் இல்ல, ஷேர் பத்திரம்தான் இருக்கு.

டப்பா வேணும்கிறதுக்கு வேற காரணம் இருக்கு. ‘மெட்டல் கியர் சாலிட்’ 1998ல வந்தது, அதுல ஒரு கட்டத்துல மெரில்ங்கிற பொண்ணுகூட ரேடியோல பேசணும், ஃப்ரீக்வென்சி சிடி கவர் பின்னாடி இருக்குன்னு ஒரு ஆளு சொல்லுவாரு. கேமுக்குள்ள எனக்கு ஒரு சிடி குடுத்திருந்தாங்க, நான் அந்தச் சிடியத் திருப்பிப் பார்க்க முடியுமான்னு அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். அப்புறம்தான் மண்டைல உறைச்சது, என் மேஜை மேல கிடந்த நிஜ டப்பாவத் திருப்பினா பின்னாடி குட்டிப் படத்துல 140.15ன்னு இருக்கு! வாடகைக்கு வெறும் டிஸ்க்க மட்டும் எடுத்துட்டுப் போய் ஆடினவன் என்ன பாடு பட்டிருப்பான்னு இப்பவும் நினைச்சுப்பேன்.

கேள்வி: கேமே ஆடாத எங்க அம்மாவுக்கு எதக் குடுத்துப் பழக்கலாம்?

விருது வாங்கின பெரிய 3டி கேமக் குடுத்துடாதீங்க. ஒரு குச்சில நடக்கணும், இன்னொரு குச்சில பார்க்கணும், புதுசா பிடிக்கிறவங்க வானத்தையும் தரையையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு ‘தலை சுத்துது’ன்னு வெச்சுடுவாங்க, நமக்கு கை தன்னால போறதால அது எவ்ளோ கஷ்டம்னு மறந்து போச்சு. டெட்ரிஸ்ல ஆரம்பிங்க. ஒட்டிக்கிட்டாங்கன்னா அடுத்து ‘ஸ்டார்டியூ வேலி’, ஒரே ஆளு நாலு வருஷத்துக்கு மேல உக்காந்து செஞ்சது, செடிக்குத் தண்ணி ஊத்துறதுல தப்பு பண்ணாலும் யாரும் சாகமாட்டாங்க. அப்புறம் டிவி உங்களுக்குக் கிடைக்காது, அத இப்பவே சொல்லிட்டேன்.

கேள்வி: வித்துட்டு வருத்தப்பட்ட கேம் எது சார்?

‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’, பிளேஸ்டேஷன் 2ல 2005ல வந்தது. பரந்த நிலம், ஒரு குதிரை, பதினாறு பெரிய பிராணி, வேற சண்டையே கிடையாது. முதல் பிராணி முதுகுல ரோமத்தப் புடிச்சுட்டு ஆர் ஒன் பட்டன அமுக்கிட்டே தொங்கினப்போ, அது உடம்ப உலுக்கும், நம்ம பிடியோட வட்டம் கொஞ்சம் கொஞ்சமா சுருங்கும், விரல் வலிச்சாலும் விட மனசு வராது, கீழ விழுந்துடுவோம்ல. பணமுடைல வித்தேன். 2018ல புதுசா செஞ்சு விட்டதையும் வாங்கினேன், பார்க்க அவ்ளோ அழகு, ஆனா எனக்கு அந்தப் பழைய மங்கலும் திணறலும்தான் வேணும்னு தோணிட்டே இருந்தது, எதுக்குன்னு கேட்டா பதில் இல்ல.

போன வருஷம் பழைய டிஸ்க்கு ஒண்ண மறுபடி வாங்கி, மேஜை டிராயர்ல கிடந்த மெமரி கார்டச் சொருகினேன். அதுல பேட்டரி கிடையாது, அதனால என் சேவ் அப்படியே இருந்தது, பன்னெண்டு முடிச்ச இடத்துல. அடுத்தது பதிமூணாவது, பாலைவனத்துல மணலுக்குள்ள இருந்து எழும்பி பறக்குறது. அது நம்மள அடிக்காது, கடிக்காது, அது பாட்டுக்கு வானத்துல நீந்திட்டு இருக்கும், நாமதான் குதிரைல துரத்திப் போய் அம்பு விட்டு கீழ இறக்கி ரெக்கையப் புடிச்சு ஏறணும். அந்த வயசுல நான் ஏன் அங்க நிறுத்தினேன்னு ஞாபகம் இல்ல. இப்பவும் மூணு தடவை அந்த மணல் வரைக்கும் போயிட்டேன், அது தலைக்கு மேல சுத்துறத குதிரைல உக்காந்து பார்த்துட்டு ஆஃப் பண்ணிட்டேன், அம்பு இன்னும் விடல.