வாலிபர் ஊழியத்தில் எதை முதலில் வைப்பது? கேள்வி பதில்

தென்னிந்தியத் திருச்சபையின் சேகரங்களில் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளில்) பல ஆண்டுகளாக வாலிபர் ஊழியத்தை நடத்திவருகிறவர்களும் புதிதாகப் பொறுப்பேற்றவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் ஆயர் அல்ல; சபையில் வாலிபர் பொறுப்பிலிருந்து, பின்னர் அத்தகைய பொறுப்பாளர்களைப் பயிற்றுவிக்கும் வேலைக்கு வந்தவன். கிராமச் சபைக்குப் பொருந்துவது நகரச் சபைக்கு அப்படியே பொருந்தாது என்பதை மனத்தில் வைத்து வாசிக்க வேண்டுகிறேன்.

கேள்வி (பாளையங்கோட்டை, வங்கி ஊழியர்): ஐயா, கோடையில் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி), பிறகு வாலிபர் முகாம், சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்குப் பந்தி பரிமாறுவது, வாலிபர் ஞாயிறு, டிசம்பரில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாடல் பாடும் கேரல் என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. எல்லாவற்றையும் நன்றாகச் செய்ய முடியவில்லை. எதையும் விடவும் முடியவில்லை. எதை முதலில் வைப்பது?

பதில்: தம்பி, நீங்கள் எழுதிய பட்டியலில் நிகழ்ச்சிகள் இருக்கின்றன, ஒரு பிள்ளையின் பெயர்கூட இல்லை. உங்கள் மேல் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம்முடைய சேகரங்களில் வாலிபர் சங்கத்தின் வேலையே பண்டிகைகளுக்கு ஆள் கொடுப்பது என்று ஆகிவிட்டதால், பொறுப்பாளரின் மனமும் அந்த வழியிலேயே ஓடப் பழகிவிடுகிறது. முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் உங்கள் பொறுப்பிலுள்ள ஒவ்வொருவரின் பெயரையும் எழுதி, அவருடன் கடைசியாகத் தனியே பேசியது எப்போது, அவர் வீட்டுக்குப் போனது எப்போது என்று குறியுங்கள். அந்தப் பக்கத்தில் வெற்றிடம் அதிகமாக இருந்தால், குறைக்க வேண்டியது நிகழ்ச்சிகளைத்தான்.

கேரலையே எடுத்துக்கொள்வோம். டிசம்பரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு நடக்கிறது. அதே வாரங்களில் அவர்களை இரவு ஒரு மணி வரை தெருத் தெருவாக அழைத்துப் போகிறோம். வீட்டுக்கு வீடு தேநீரும் முறுக்கும் கிடைக்கிறது. காணிக்கைப் பெட்டியும் நிறைகிறது. தொண்டை கட்டிப்போன பிள்ளை மறுநாள் காலையில் இயற்பியல் தேர்வு எழுதப் போகிறான். அவனுடைய தாய் அடுத்த ஆண்டு அவனை அனுப்பத் தயங்குவதில் என்ன வியப்பு? கேரலை விட வேண்டியதில்லை. பள்ளி மாணவர்கள் இரவு ஒன்பது மணிக்கு வீடு சேர வேண்டும் என்று வையுங்கள். தெருக்களைப் பகுதிகளாகப் பிரித்து, தேர்வு முடிந்த பிறகு வரும் நாள்களில் பெரும்பகுதியை முடியுங்கள். சில மாதங்களாகச் சபைக்கு வராத பிள்ளைகளின் வீடுகளை முதல் நாளிலேயே சேர்த்துவிடுங்கள். காணிக்கை சற்றுக் குறையலாம். அந்தக் குறைவைச் சபைக் குழுவுக்கு முன்கூட்டியே சொல்லி, ஏன் என்பதையும் விளக்கிவிட்டால் பெரும்பாலும் எதிர்ப்பு வராது.

அசனத்தில் பரிமாறுவது நல்ல வேலை. அதை நீங்கள் ஒழுங்கு செய்ய வேண்டியதில்லை, ஒரு மூத்த வாலிபரிடம் விட்டுவிடுங்கள். வி.பி.எஸ்.ஸில் மட்டும் கை வைக்காதீர்கள். பதினேழு வயதுப் பிள்ளை முதன்முதலாக ஒரு வகுப்பின் முன்னால் நின்று கற்பிக்கிற இடம் அதுதான். ஊழியர்கள் அங்கே உருவாகிறார்கள்.

கேள்வி (நாகர்கோவில், பள்ளி ஆசிரியர்): வாரத்தில் ஐந்து நாள் பள்ளி, சனி மாலை வாலிபர் கூட்டம், ஞாயிறு காலை ஓய்வுநாள் பள்ளி, ஆராதனை, பிற்பகல் வீடு சந்திப்பு. "சபைப் பிள்ளைகளின் பெயரெல்லாம் உங்களுக்குத் தெரிகிறது, நம் பிள்ளை எந்தப் பிரிவில் படிக்கிறான் என்று தெரியுமா?" என்று என் மனைவி கேட்கிறார். ஊழியம் என்றால் தியாகம் இல்லாமல் முடியுமா?

பதில்: ஐயா, உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. தியாகம் என்று நாம் சொல்லும்போது யாருடைய நேரத்தை எடுத்துக் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். உங்கள் மகனின் நேரத்தை அவனைக் கேளாமல் எடுத்துக் கொடுப்பது உங்கள் தியாகம் ஆகாது. தன் குடும்பத்தை விசாரிக்க அறியாதவன் சபையை எப்படி விசாரிப்பான் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை நாம் ஆயர்களுக்கு மட்டும் வைத்துவிட்டோம்.

யாத்திராகமம் பதினெட்டாம் அதிகாரத்தை நாம் பொறுப்புகளைப் பகிர்ந்து கொடுப்பதற்கான பாடமாக அடிக்கடி எடுக்கிறோம். காலைமுதல் மாலைவரை ஜனங்களின் வழக்குகளைக் கேட்டுக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று மாமனாராகிய எத்திரோ சொல்லுகிறார். ஆனால் அந்த அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்பதைப் பலர் கடந்துபோகிறார்கள். திருப்பி அனுப்பப்பட்டிருந்த மோசேயின் மனைவி சிப்போராளையும் இரண்டு மகன்களையும் அழைத்துக்கொண்டுதான் எத்திரோ வனாந்தரத்துக்கு வருகிறார். முதலில் குடும்பத்தைக் கொண்டுவந்து சேர்த்தார். மறுநாள் வேலைப்பளுவைப் பற்றிப் பேசினார். அந்த வரிசை தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை.

நடைமுறையில் மூன்று காரியங்களை வற்புறுத்துவேன். ஞாயிறு பிற்பகலை வீட்டுக்கு விட்டுவிட்டு, வீடு சந்திப்பை வாரநாள் மாலை ஒன்றுக்கு மாற்றுங்கள். பிள்ளைகளும் அப்போதுதான் வீட்டில் இருப்பார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறாவது எந்தப் பொறுப்பும் இல்லாமல் மனைவி பிள்ளைகளோடு ஆராதனையில் உட்காருங்கள். இரவு ஒன்பதரைக்குப் பிறகு வாட்ஸப் குழுவில் பதில் எழுதுவதை நிறுத்துங்கள்; உண்மையான அவசரமாக இருந்தால் அவர்கள் கூப்பிடுவார்கள்.

கேள்வி (கோவில்பட்டி): பிளஸ் டூ வந்ததும் பெற்றோர் ஞாயிற்றுக்கிழமையும் டியூஷனுக்கும் நீட் பயிற்சிக்கும் அனுப்பிவிடுகிறார்கள். கண்டித்துப் பேசலாமா?

பதில்: கண்டிக்க வேண்டாம். அந்தப் பெற்றோர் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டியிருக்கலாம். டியூஷனோடு போட்டி போட்டால் தோற்பது சபைதான்; அதிகாலை ஆராதனை இருந்தால் அதற்கு அழைத்துவாருங்கள், இல்லையென்றால் பயிற்சி முடிந்து வரும் நேரத்தில் அரைமணி சந்தியுங்கள். மார்ச்சில் பொதுத்தேர்வுக்கு முன் வீட்டுக்குப் போய் ஜெபித்துவிட்டு வாருங்கள். முடிவு வெளியாகிற நாளில், குறிப்பாக மதிப்பெண் குறைந்த பிள்ளையின் வீட்டில், நீங்கள் இருக்க வேண்டும். அந்த ஒரு நாள் வராமல், ஆண்டு முழுவதும் கூட்டம் நடத்தியும் பயனில்லை.

கேள்வி (தூத்துக்குடி மாவட்டம், கிராமச் சபை): திருமண்டலத் தேர்தல் (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் நிர்வாகத் தேர்தல்) வந்தாலே எங்கள் வாலிபர் சங்கம் இரண்டாகப் பிரிகிறது. இரண்டு அணியினரும் வாலிபர் பொறுப்பாளரான என்னைத் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள். இதற்கிடையே ஆயரும் மாற்றலாகிப் புதியவர் வந்திருக்கிறார். நான் எங்கே நிற்பது?

பதில்: தம்பி, வாலிபர் பொறுப்பில் இருக்கும்வரை எந்த அணியிலும் நிற்காதீர்கள், வேட்பாளராகவும் நிற்காதீர்கள். வாக்களிப்பது உங்கள் உரிமை. அதை அமைதியாகச் செய்யுங்கள். தேர்தல் முடிந்து மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு கழித்தும் ஒருவரோடொருவர் பேசாத குடும்பங்கள் நம் சபைகளில் இருக்கின்றன. அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சனிக்கிழமை மாலை ஒரே பாயில் உட்கார்ந்து வேதம் வாசிக்க ஓர் இடம் வேண்டும். நீங்கள் அணி சேர்ந்த அன்றே அந்த இடம் போய்விடும். பணமோ பிரியாணியோ கொடுத்து வாலிபரை ஊர்வலத்துக்கு அழைக்கும் பெரியவர்களிடம், மரியாதையோடும் தெளிவாகவும், வாலிபர் சங்கத்தின் பெயரில் யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லிவிடுங்கள்.

புதிய ஆயர் விஷயம் வேறு. மாற்றல் என்பது நம் சபை முறையின் பகுதி. அவரிடம் போய், முந்தைய ஐயா காலத்தில் இப்படித்தான் நடந்தது என்று தொடங்காமல், பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலையும் கடந்த ஆண்டின் வரவு செலவையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, இவர்களில் யாரை அவர் முதலில் சந்திக்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஆயர்கள் வந்து போவார்கள். சபை மக்களாகிய நீங்கள் அங்கேயே இருப்பீர்கள். நீண்டகால ஊழியத்தின் பாரம் சபையாரின் தோளில் இருப்பது அதனால்தான்.

கேள்வி (சென்னை, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை): பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, உறவினர் ஒருவரால் தனக்கு நேரும் பாலியல் தொந்தரவை என்னிடம் சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அழுதாள். நானும் சரி என்றேன். ஆயரிடமாவது சொல்லலாமா?

பதில்: சகோதரி, இந்தக் கேள்விக்கு முன்னால் மற்ற எல்லாக் கேள்விகளும் காத்திருக்கலாம். அவள் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவள். ஆகவே இது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்துக்குள் வருகிறது. இத்தகைய குற்றம் நடந்திருப்பதை அறிந்தவர் எவராயிருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு கூறுகிறது. தெரிவிக்கத் தவறுவது 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. ஆயரிடம் சொல்லுங்கள், ஆனால் அவருடைய அனுமதிக்காகக் காத்திராதீர்கள். சபைக் குழு கூடி விசாரிப்பது, அந்த உறவினரைக் கூப்பிட்டுக் கேட்பது, குடும்ப மானம் கருதிப் பேசி முடிப்பது ஆகிய எதுவும் வேண்டாம். அவை பிள்ளையை மேலும் ஆபத்தில் தள்ளும்.

இன்றே அவளைச் சந்தித்து, அவள் சொன்னதை நீங்கள் நம்புகிறீர்கள் என்றும், அவள் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்றும், அவளைப் பாதுகாக்க இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்றும் கூறுங்கள். நுணுக்கமாகத் துருவிக் கேட்காதீர்கள். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதியோடு எழுதி வையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. அவள் பேர் சபையில் யார் காதிலும் விழாதபடி பார்த்துக்கொண்டு, அவள் கூடவே இருங்கள்.

மற்ற ஊழியர்களுக்கும் சொல்கிறேன்: பேச்சைத் தொடங்கும்போதே, "உன் பாதுகாப்பைப் பற்றியதாக இருந்தால் மட்டும் நான் உதவி கேட்க வேண்டியிருக்கும்" என்று பிள்ளைகளிடம் சொல்லப் பழகுங்கள். முகாமுக்கு எவ்வளவு செலவிட்டாலும், இந்தச் சட்டத்தைப் பற்றி ஊழியர்களுக்கு ஆண்டுக்கு ஒரு வகுப்பு எடுக்காத சபை தன் முதற்கடமையைச் செய்யவில்லை.

கேள்வி (நாசரேத்): வளர்த்து ஆளாக்கிய பிள்ளைகள் எல்லாரும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விடுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் முதலிலிருந்து தொடங்குவதில் சோர்வாக இருக்கிறது.

பதில்: அந்தச் சோர்வு எனக்குத் தெரியும் ஐயா. ஆனால் உங்கள் பகுதியின் வரலாற்றையே பாருங்கள். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் வாலிபர் நடுவே வேலை செய்தவர். 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் உருவாக முன்னின்றார். பிறகு தெலுங்கு நாட்டுக்குப் போய், 1912இல் தோர்ணக்கல்லின் பேராயரானார். ஊரைவிட்டுப் போனவர் அவர். அதை யாரும் இழப்பாக எண்ணவில்லை. ஒய்.எம்.சி.ஏ. 1844இல் லண்டனில் தொடங்கியதும், கிராமங்களிலிருந்து வந்து துணிக்கடைகளில் வேலைசெய்த இளைஞர்களுக்காகத்தான். ஊர்விட்டு வந்த பிள்ளைக்கு அங்கே ஒருவர் காத்திருக்க வேண்டும்.

ஆகவே பிள்ளை ரயில் ஏறுமுன்னே, போகிற ஊரில் விடுதிக்கு அருகிலுள்ள சபை எது என்று கண்டுபிடித்து, அங்குள்ள ஆயருக்கோ வாலிபர் பொறுப்பாளருக்கோ நீங்களே போன் செய்து பெயரைக் கொடுங்கள். முதல் மாதத்து ஞாயிறுகளில் அவன் எங்கே போகிறான் என்பதே பின்வரும் ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது. அந்த மாதம் வாரந்தோறும் அவனைக் கூப்பிடுங்கள். உங்கள் கூட்டத்தில் இன்று பதினைந்து பேர் இருப்பதைவிட, இருபத்தைந்து வயதில் அவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் ஒரு சபையில் வேரூன்றியிருக்கிறார்களா என்பதே எனக்குப் பெரிய கணக்கு.

கேள்வி (மதுரை): எனக்கு நாற்பத்திரண்டு வயது. இன்னும் வாலிபர் தலைவர் என்றே அழைக்கிறார்கள். விட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று பயமாக இருக்கிறது.

பதில்: இரண்டு பேரை இன்றே தேர்ந்தெடுங்கள், முடிந்தால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். நன்றாகப் பாடுகிறவர்களைத் தேடாதீர்கள். மற்றவர்கள் வராதபோது விசாரிக்கிறவர்களைத் தேடுங்கள். முதல் ஆறு மாதம் நீங்கள் செய்வதை அவர்கள் கூட இருந்து பார்க்கட்டும். அடுத்த ஆறு மாதம் அவர்கள் செய்வதை நீங்கள் பாருங்கள், கூட்டத்தின் நடுவில் திருத்தாதீர்கள். கணக்குப் புத்தகம், வங்கிக் கையொப்பம், அறையின் சாவி, பெற்றோரின் எண்கள் ஆகிய நான்கையும் ஒரே நாளில் ஒப்படையுங்கள். சாவியைக் கொடுத்துவிட்டுக் கையொப்பத்தை வைத்துக்கொள்வதால்தான் பல சபைகளில் சண்டை வருகிறது. அதன்பின் ஓராண்டு வாலிபர் கூட்டத்துக்குப் போகாதிருங்கள். திடப்படுத்தல் (சபையின் முழு உறுப்பினராக ஏற்கும் ஆராதனை) முடிந்த கையோடு சபைக்கு வருவதை நிறுத்திவிடுகிற பிள்ளைகள் உங்கள் சேகரத்திலும் இருப்பார்கள். ஆயரிடம் அந்தப் பட்டியலை வாங்கிக்கொண்டு, அவர்கள் வீடுகளுக்குப் போகத் தொடங்குங்கள்.