தம்பி மேல் குண்டாஸ்: எதை எதிர்த்து வழக்குப் போடுவது?

கேள்வி: அடிதடி வழக்கில் கைதாகிப் புழல் சிறையில் இருக்கும் என் தம்பி மேல் போன வாரம் குண்டர் சட்டம் போட்டுவிட்டார்கள். கோர்ட்டுப் பக்கம் பழக்கமுள்ள ஒருவர், “இந்தச் சட்டமே செல்லாதுன்னு டெல்லியில கேஸ் போட்டுரலாம். ரெண்டு லட்சம் ஆகும்” என்கிறார். நகையை அடகு வைக்கலாமா? – வாசகி, சென்னை

வைக்காதீர்கள். முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அடிப்படை உரிமையை மீறும் மாநிலச் சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்யும். சங்கங்களைத் தடை செய்யச் சென்னை மாகாணம் கொண்டுவந்த திருத்தம் 1952-ல் வி.ஜி.ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. நாடகம் போடுவதற்கு முன் போலீஸிடம் பிரதியைக் காட்டச் சொன்ன 1954-ம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள், எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் போயின.

குண்டர் சட்டம் (தமிழ்நாடு சட்டம் 14/1982) அந்த ரகம் இல்லை. விசாரணை இல்லாமல் ஒருவரை அடைத்து வைக்கும் சட்டத்துக்கு அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவே வழிவிடுகிறது. மூன்று மாதத்துக்கு மேல் வைக்க வேண்டுமானால் அறிவுரைக் கழகத்தின், அதாவது காவலில் வைக்கப் போதுமான காரணம் உண்டா என்று பார்க்கும் குழுவின், கருத்து வேண்டும் என்பது போன்ற சில வரம்புகளை மட்டும் போடுகிறது. 1950-ல் ஏ.கே.கோபாலன் வழக்கிலேயே அன்றைய தடுப்புக்காவல் சட்டம் தப்பியது. விழுந்தது ஒரே ஒரு பிரிவு. இன்று புதிதாக வழக்குப் போட்டாலும் சட்டத்துக்குத் தடை கிடைப்பது அரிது. வழக்கு நிலுவையில் கிடக்கும்போதே குண்டாஸில் தம்பியை அதிகபட்சம் வைக்கக்கூடிய பன்னிரண்டு மாதமும் முடிந்துவிடும்.

சட்டத்தை விடுங்கள், உத்தரவைப் பிடியுங்கள். அதற்கு டெல்லி வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் சட்டத்துக்குப் புறம்பாக அடைக்கப்பட்டவரை விடுவிக்கக் கேட்கும் ஆட்கொணர்வு மனு, கோர்ட்டுப் பேச்சில் ‘ஹெச்.சி.பி.’, போட்டால் போதும். இரண்டு நீதிபதிகள் அமர்வு விசாரிக்கும். அக்கா என்ற முறையில் நீங்களே மனுதாரர் ஆகலாம்.

முதலில் நாள்கணக்கு. காவலில் வைத்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் காரணங்களும் ஆவணங்களும் தம்பி கைக்கு வந்திருக்க வேண்டும். போலீஸ் கமிஷனர் போட்ட உத்தரவுக்குப் பன்னிரண்டு நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்துக்குப் போக வேண்டும். ஏழு வாரத்துக்குள் கழகம் அறிக்கை தர வேண்டும். உத்தரவு எந்தத் தேதியில் கையில் கொடுக்கப்பட்டது என்று தம்பியிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

தம்பிக்குக் கொடுத்த ஆவணக் கட்டுக்குப் ‘புக்லெட்’ என்று பெயர். பெரும்பாலான உத்தரவுகள் உடைவது அதற்குள்தான். ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். எந்த நகல் படிக்க முடியாமல் கறுத்திருக்கிறது? எந்த ஆங்கில ஆவணத்துக்குத் தமிழாக்கம் இல்லை? ஆங்கிலத்தில் ஒரு தேதியும் தமிழாக்கத்தில் வேறு தேதியும் இருக்கிறதா? கைது செய்ததை வீட்டுக்குத் தெரிவித்த தாள் இருக்கிறதா? பக்க எண்ணோடு குறித்து வக்கீலிடம் கொடுங்கள். ‘தம்பி நல்லவன்’ என்ற வாதம் இந்த மனுவில் எடுபடாது.

அடுத்து முறையீடு, அதாவது உத்தரவை ரத்து செய்யக் கேட்டு எழுதும் மனு. உத்தரவு போட்ட அதிகாரி, உள்துறைச் செயலாளர், அறிவுரைக் கழகம் மூன்று பேருக்கும் தம்பி பெயரில் ஜெயில் சூப்பிரண்டு வழியாக ஒன்று, உங்கள் பெயரில் ஸ்பீட் போஸ்ட்டில் ஒன்று. ரசீது பத்திரம். கேட்ட ஆவணத்தைத் தராவிட்டால் அது ஒரு காரணம். பதில் தாமதமானால் அது இன்னொரு காரணம். கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று விடுமுறையைக் கழித்து நீதிமன்றம் எண்ணிப் பார்க்கும். தமிழ்நாட்டிலிருந்து போன ராஜம்மாள் வழக்கில், அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்தார் என்ற விளக்கத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சில நாள் தாமதத்துக்கே உத்தரவு போனது.

ஜாமீன் விஷயத்தில்தான் குடும்பங்கள் குழம்புகின்றன. ‘கிரவுண்ட் கேஸ்’, அதாவது கடைசியாகக் கைதான வழக்கு, அதில் ஜாமீன் கிடைத்தாலும் குண்டாஸ் இருக்கும்வரை தம்பி வெளியே வர முடியாது. ஏற்கனவே சிறையில் இருப்பவர் மேல் குண்டாஸ் போட, ‘இவர் ஜாமீனில் வந்துவிட வாய்ப்பு உண்டு’ என்று அதிகாரி ஆதாரத்தோடு நம்பியிருக்க வேண்டும். ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாமல், ‘இதுபோன்ற வழக்குகளில் ஜாமீன் தருகிறார்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் செல்லாது என்று 2011-ல் ரேகா வழக்கில் மூன்று நீதிபதிகள் சொன்னார்கள். அதுவும் தமிழ்நாட்டுக் குண்டாஸ்தான், காலாவதி மருந்து விவகாரம். ஆனால் அதே வழக்கில் கூட்டாளி யாருக்காவது ஜாமீன் கிடைத்து, வழக்கு எண், தேதி, நீதிமன்றம் எல்லாம் உத்தரவில் இருந்தால் இந்த வாதம் நிற்காது. வேறொரு வழக்கின் ஜாமீன் உத்தரவை ‘சிமிலர் கேஸ்’ என்று சேர்த்திருந்தால் அது நிஜமாகவே ஒத்த வழக்கா என்று பாருங்கள். அடிதடிக்குக் கஞ்சா வழக்கின் ஜாமீனை ஒட்டியிருந்தால் உங்களுக்குச் சாதகம். தம்பிக்காக யாராவது ஏற்கனவே ஜாமீன் மனு போட்டார்களா, எந்தத் தேதியில், அது தள்ளுபடி ஆனதா என்பதை வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு தேதியில் வழக்கு திரும்பும்.

இனி புரோக்கர்கள். “போர்டில் நம்ம ஆள் இருக்கு, வக்கீல் வெச்சுப் பேசிடலாம்” என்பவரை வாசலிலேயே நிறுத்துங்கள். அறிவுரைக் கழகத்தில் வக்கீல் வைத்து வாதாடும் உரிமையைச் சட்டம் தருவதில்லை. வக்கீல் அல்லாத நண்பரோ உறவினரோ உடனிருக்கக் கேட்டு எழுதிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். வெற்று வக்காலத்திலோ வெள்ளைத் தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். அப்படி வாங்கியவர்கள் இரண்டு வக்கீல்களிடம் விற்று, ஒரே உத்தரவுக்கு இரண்டு மனு விழுந்து, இரண்டும் இழுபடும். மனுவுக்கு ஹெச்.சி.பி. எண் கிடைத்ததா என்று உயர் நீதிமன்ற இணையதளத்தில் நீங்களே பாருங்கள். எண் சொல்லாமல் ‘ஃபைல் ஆயிடுச்சு’ என்றால் ஃபைல் ஆகவில்லை.

பணம் இல்லையென்றால் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவுக்கு எழுதுங்கள். காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் 1987-ம் ஆண்டுச் சட்டத்தின் 12-வது பிரிவு தரும் உரிமை. சிறையிலிருந்தே தம்பி மனு கொடுக்கலாம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை; சொன்னால் வாசலில் நிற்பவர்களுக்குப் பிழைப்பு ஏது?

மனு பட்டியலுக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதே கறுத்த நகல், அதே விட்டுப்போன தமிழாக்கம் என்று உத்தரவுகள் வரிசையாக ரத்தாகின்றன. மறுவாரமே அதே அச்சில் பெயரை மாற்றி அடுத்த உத்தரவு வருகிறது. இடையில் போன மாதங்களுக்கு எந்த அதிகாரியும் பதில் சொல்வதில்லை.

உத்தரவு ரத்தானால், ‘வேறு வழக்கில் தேவையில்லை எனில்’ விடுவிக்கச் சொல்லித்தான் நீதிமன்றம் எழுதும். கிரவுண்ட் கேஸிலோ பழைய வழக்குகளிலோ ஜாமீன் இல்லையென்றால் தம்பி அன்றும் உள்ளேயே இருப்பான். அதனால் ஹெச்.சி.பி. வாதத்துக்கு வரும் சமயத்தில், எந்தெந்த வழக்கில் ரிமாண்ட் இருக்கிறது என்ற விவரத்தைச் சிறையில் எழுதி வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஜாமீன் மனுவை எப்போது போடுவது என்று வக்கீலிடம் கேட்டு வையுங்கள். அவரைக் கேட்காமல் முன்கூட்டியே போட்டுவிடாதீர்கள்.