முதுகுப் பக்கத்தையும் வரையச் சொல்லுங்கள்

அம்மா, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். "விஸ்காம் முடிச்சு ஒரு வருஷம் ஆச்சு சார், பொம்மை வரைஞ்சுக்கிட்டே இருக்கா. இதுக்கு வேலைன்னு ஒண்ணு இருக்கா, இல்ல பேங்க் பரீட்சை எழுதச் சொல்லட்டுமா?" என்று கேட்டீர்கள். அவள் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததால் அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அவள் கொடுத்த பென்டிரைவை மூன்று நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். அவளும் படிக்கட்டும்.

அனிமேஷன் படங்களுக்குப் பாத்திரம் வடிவமைக்கும் வேலை இருக்கிறது. ஆனால் இப்போது கையில் இருக்கும் படங்களைக் காட்டினால் கிடைப்பது கஷ்டம்.

கோடு நன்றாக வருகிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 40 படங்கள் பார்த்தேன். பாதிக்கு மேல் ஜப்பானிய அனிமே பாத்திரங்களைப் பார்த்து வரைந்தவை. மீதியில் பெரும்பாலும் ஒரே வயதுப் பெண், ஒரே பக்கம் லேசாகத் திரும்பிய முகம், கைகள் பையிலோ முதுகுக்குப் பின்னாலோ ஒளிந்திருக்கின்றன. கை வரைவது கடினம் என்பதால் ஒளித்திருக்கிறாள். ஸ்டூடியோவில் உட்கார்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். நானும் ஆலோசனை சொல்ல வருவதற்கு முன் ஆறு வருஷம் ஒரு அனிமேஷன் ஸ்டூடியோவில் கிளீன்அப் வேலை, அதாவது கிறுக்கலைச் சுத்தமான கோடாக்கும் வேலை, பார்த்தவன்தான்.

இந்த வேலை என்ன என்பதை உங்கள் தையல் தொழிலை வைத்தே சொல்லலாம். வாடிக்கையாளர் ஓர் அளவு ஜாக்கெட் கொண்டுவந்து கொடுக்கிறார். அதை வைத்து நீங்களும் தைக்கலாம், பக்கத்துத் தெரு டெய்லரும் தைக்கலாம், போடுபவருக்கு ஒரே மாதிரி பொருந்த வேண்டும். கேரக்டர் டிசைன் என்பது அந்த அளவு ஜாக்கெட். ஒரு பாத்திரத்தை ஒருவர் வரைந்து கொடுத்தால் அதைப் பார்த்து இருபது முப்பது பேர் வேலை செய்வார்கள். ஒருவர் முப்பரிமாண உருவம் செய்வார், இன்னொருவர் அதற்குள் எலும்பு மாதிரி ரிக் போடுவார், வேறொருவர் அசைப்பார். முதுகில் பின்னல் எதுவரை தொங்குகிறது என்று படத்தில் இல்லாவிட்டால் மூன்று பேர் மூன்று நீளத்துக்குச் செய்வார்கள். அதனால்தான் மாடல் ஷீட் என்ற அந்த அளவுப் படத்தில் முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, முதுகு என்று நான்கும் ஒரே உயரத்தில், கோடு போட்டுப் பார்த்தாலும் தோளும் இடுப்பும் முட்டியும் நேராக வரும்படி இருக்க வேண்டும். உங்கள் பெண்ணின் 40 படங்களில் முதுகு காட்டும் படம் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்று. ராஜகுமாரி படம் ஒன்றில் பாவாடையில் பூக்களை எண்ணினேன், 36. படமாகப் பார்க்க அழகுதான். ஆனால் திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 நிலைப்படம், ஓடுகிறது. கையால் வரையும்போது ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி வைப்பது வழக்கம், அப்படிப் பார்த்தாலும் நொடிக்கு 12 படம். அப்படியானால் ஒரு நொடிக்கு 432 பூ வரைய வேண்டும். அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைய வேண்டும் என்ற நினைப்பு வந்தால் கரையோரம் ஒரு பட்டை மட்டும் போதும் என்று கை தானாக முடிவெடுக்கும்.

வீட்டில் இன்றைக்கே செய்து பார்க்கச் சொல்லுங்கள்: வரைந்த பாத்திரத்தை முழுக்கக் கறுப்பாக்கிவிட்டால் அது யார் என்று தெரிகிறதா? அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனை நினைத்துப் பாருங்கள். கையில் வாள், தோளில் தொங்கும் உடல். கண் மூக்கு எதுவும் இல்லாமல் நிழலாக வைத்தாலும் நம் வீட்டுப் பெரியவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். கே.சி. சிவசங்கரன் என்ற அந்த மனிதர் நம் பக்கத்து முத்தியாலுப்பேட்டைப் பள்ளியில் படித்தவர். 1952இல் அம்புலிமாமாவில் சேர்ந்து பல பத்தாண்டுகள் வரைந்தார். உங்கள் பெண்ணின் பாத்திரங்களைக் கறுப்பாக்கிப் பார்த்தேன். எல்லாமே ஒரே பெண்ணாகத்தான் தெரிந்தது.

ஆனால் அந்தப் பென்டிரைவில் 'பழசு' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. தெரியாமல் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தில் நிற்கும் பெண்கள், கேரம் போர்டைச் சுற்றிக் குனிந்திருக்கும் பையன்கள், மெஷினில் குனிந்த நீங்கள், டிரெய்லர் லாரியிலிருந்து இறங்கி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அவள் அப்பா. நோட்டில் பேனாவால் கிறுக்கி, ஃபோனில் போட்டோ எடுத்தவை. இவற்றைக் கறுப்பாக்கினால் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தெரிகிறார்கள். இவைதான் அவளுடைய உண்மையான வேலை. ஏன் மறைத்து வைத்தாள் என்று ஊகிக்க முடிகிறது. வடசென்னை என்றாலே திரையில் கத்தியும் ரத்தமும்தான் காட்டுகிறார்கள், அதனால் தன் தெருவை வெளியே காட்டக் கூச்சப்படுகிறாள் போல. ஏலத்தில் விலை கேட்கும்போது அந்தப் பெண்களின் தோள் எப்படி உயர்கிறது என்பதை அவள் பார்த்திருக்கிறாள். அதைப் பார்க்காத ஒருவரால் வரைய முடியாது.

சரி, வேலைச் சந்தைக்கு வருவோம். இங்குள்ள பெரிய ஸ்டூடியோக்களில் கணிசமான வேலை வெளிநாட்டுத் தயாரிப்புகளுக்காக நடப்பது. பாத்திர வடிவமைப்பு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும், இங்கே வருவது மாடலிங் (முப்பரிமாண உருவம் செய்வது), ரிக்கிங், அனிமேஷன், லைட்டிங். ஹைதராபாத்தில் உருவாகி 2008இல் தொலைக்காட்சிக்கு வந்த சோட்டா பீம் போல நம் ஊரிலேயே பிறக்கும் தொடர்களில்தான் வடிவமைப்பு வேலையும் இங்கேயே நடக்கும். அந்த நாற்காலி எண்ணிக்கையில் குறைவு, பெரும்பாலும் அனுபவம் உள்ளவர்களுக்கே போகும். ஆகவே 'கேரக்டர் டிசைனர்' என்ற பெயரை மட்டும் தேடி விண்ணப்பித்தால் இன்னொரு வருஷமும் இப்படியே போகும். உள்ளே நுழையச் சின்ன வாசல்கள் இருக்கின்றன: பொருட்கள் வரைவது, பின்னணி, கிளீன்அப், ஸ்டோரிபோர்டு (காட்சிகளை வரிசையாக வரைந்து வைப்பது) திருத்தம், டூடி (2D) அனிமேஷன், மொபைல் கேம் கம்பெனிகளின் ஆர்ட் பிரிவு. சென்னையிலேயே தூலிகா, தாரா போன்ற பதிப்பகங்கள் குழந்தைகளுக்குப் படப் புத்தகம் போடுகின்றன, அங்கேயும் பாத்திரம் படைக்கும் கைக்கு வேலை உண்டு.

வடபழனி, சாலிகிராமம் பக்கம் சினிமா விஎஃப்எக்ஸில், அதாவது கம்ப்யூட்டரில் காட்சியை மாற்றும் பிரிவில், ரோட்டோ வேலைக்குப் புதியவர்களை எடுப்பார்கள். படம்பிடித்த காட்சியில் உருவத்தின் ஓரத்தை ஃபிரேம் ஃபிரேமாக வெட்டியெடுக்கும் வேலை. மரியாதையான வேலைதான், சம்பளமும் வரும், ஆனால் அதில் வரைதல் வளராது. சேர்ந்தால் தினம் ஒரு மணி நேரமாவது நோட்டில் வரைவதை விடக் கூடாது.

இந்தத் துறை ஆட்டம் காணும் துறை என்பதையும் மறைக்க மாட்டேன். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற பெரிய நிறுவனம் சரிந்தபோது பெங்களூரில் இருந்த அதன் பிரிவும் மூடப்பட்டது, அனுபவசாலிகளே வேலை தேடி அலைந்தார்கள். தொடக்கச் சம்பளமும் ஐடி வேலையை விடக் குறைவாக இருக்கலாம். கம்ப்யூட்டரே படம் போட்டுவிடுகிறதே என்று அவள் அப்பா கேட்டதாகச் சொன்னீர்கள். ஒற்றைப் படம் வரைந்து பிழைப்பவர்களுக்கு அது நிஜமாகவே பாதிப்பு. அதனால்தான் முடிந்த படத்தை மட்டும் காட்டாமல், அதற்கு முன் போட்ட பத்துக் கிறுக்கல்களையும் சேர்த்துக் காட்டச் சொல்கிறேன். ஏன் இந்த மூக்கு, ஏன் இந்த நடை என்று யோசித்த தடம் அதில் இருக்கும்.

இனி பணம். ஓர் இன்ஸ்டிடியூட்டில் 2,75,000 ரூபாய் கட்டினால் நூற்றுக்கு நூறு வேலை உறுதி என்றார்களாம், நகையை வைக்கலாமா என்று தனியாக என்னிடம் கேட்டீர்கள். வேண்டாம் அம்மா. அப்படி உறுதி தர யாராலும் முடியாது. போன வருஷம் முடித்த மாணவர்களின் படைப்புகளைக் காட்டச் சொல்லுங்கள், அவர்களில் இரண்டு பேரிடம் ஃபோனில் பேச வேண்டும் என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். வேலை தருகிறோம், டெபாசிட் கட்டு என்பவர்களிடமும் அப்படியே. மேலே படிக்கத்தான் ஆசை என்றால் சீட் (CEED) என்ற டிசைன் நுழைவுத்தேர்வு எழுதி ஐஐடி பம்பாயில் அனிமேஷன் முதுநிலைக்கு முயலலாம், அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்புக் கல்லூரியான என்ஐடிக்குத் தனித் தேர்வு இருக்கிறது. அவளுடைய மூன்று வருஷப் பட்டம் சீட் எழுதப் போதும், ஐஐடியில் சேரவும் அது போதுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளுக்கும் காசு கொட்ட வேண்டாம். வரைய கிரிட்டா, அசைக்க பிளெண்டர், இரண்டும் இலவசம். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியா நாட்டுப் படம் பிளெண்டரில்தான் செய்யப்பட்டது. திரையில்லாத ஒரு பென் டேப்லெட் மட்டும் வாங்கிக் கொடுங்கள், நாலைந்தாயிரத்துக்குள் முடிந்துவிடும்.

போர்ட்ஃபோலியோ, அதாவது வேலை கேட்டுக் காட்டும் படத் தொகுப்பு, 15 பக்கம் தாண்டக் கூடாது. அனிமே படங்கள் ஒன்றுகூட வேண்டாம். ஏலக்காரப் பெண்ணை எடுத்துக்கொண்டு அவளுக்கு நான்கு பக்க மாடல் ஷீட், எட்டு முகபாவங்கள், கைகள் மட்டும் ஒரு முழுப் பக்கம். பக்கத்தில் அவள் உலகத்து ஐந்து பேர், உயர வரிசையில், கறுப்பு நிழலாகவும் நிறத்திலும். அப்புறம் ஐந்தே நொடி அசைவு: தலையில் மீன் கூடையோடு அவள் நடந்து வருவது. சாதாரண நடையில் தலை ஏறி இறங்கும். சுமை இருக்கும்போது தலை கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் போகும், இடுப்பும் முட்டியும்தான் அந்த ஏற்ற இறக்கத்தை வாங்கிக்கொள்ளும். காசிமேட்டுக்குப் போய் ஃபோனில் வீடியோ எடுத்து, கேட்டுவிட்டு எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து வரையட்டும்.

இதற்கு ஆறு மாதம் கொடுங்கள். காலையில் நான்கு மணி நேரம் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது. மாலையில் கடையில் உதவட்டும், தெருப் பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லிக் கொடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கட்டும். ஆறு மாதம் கழித்து இருபது இடங்களுக்காவது அனுப்பிய பிறகும் ஒரு பதில்கூட வராவிட்டால் வேறு வழி பேசுவோம். பேங்க் பரீட்சையும் அவளாக விரும்பி எழுதினால் நல்லதுதான். ஆனால் அதைத் தண்டனை மாதிரி அவள் முன்னால் வைக்காதீர்கள். அத்தை பையன் ஐடியில் வாங்கும் சம்பளத்தைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்கவே வேண்டாம். அன்றைக்கு நீங்கள் அதைச் சொன்னபோது அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு பத்து மணிக்கு வாருங்கள். ஏலக்காரப் பெண்ணின் நான்கு பக்கமும் பென்சிலில் இருந்தால் போதும். அந்தப் பழைய நோட்டையும் கையோடு எடுத்து வரச் சொல்லுங்கள், போட்டோவில் பேனாக் கோடு சரியாகத் தெரியவில்லை.