கடைக்கு ஒரு டெஸ்க்டாப்: கேள்வி – பதில்

கேள்வி: அம்பத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவருக்கு டேலி, ஜிஎஸ்டி வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். “கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் நீங்களே பார்த்து வாங்கிக் குடுத்துடுங்க தம்பி” என்கிறார். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்ட் பார்ட்டாக வாங்கி அசெம்பிள் செய்வதா, பிராண்டட் வாங்குவதா? பில்லை யார் பெயரில் போடுவது? – வாசகர், வில்லிவாக்கம்

பதில்: விலை விசாரிக்கும் முன் அவருடைய பில் மேசையைப் போய்ப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டரின் பின்பக்கம் என்னென்ன செருகியிருக்கிறது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் காப்பி அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் யுஎஸ்பி உண்டா, பழைய அகலமான பேரலல் போர்ட் மட்டும்தானா? எடை மெஷின் சீரியல் போர்ட்டில் இருக்கிறதா? புது மதர்போர்டுகளில் பேரலல் போர்ட் பெரும்பாலும் வருவதில்லை. டேலியில் பில் அடிக்க யுஎஸ்பி-பேரலல் கேபிள் போதும். ஒருவேளை அவர் இன்னும் பழைய டாஸ் பில்லிங் சாஃப்ட்வேர் வைத்திருந்தால் அது விண்டோஸ் 11-ல் நேரடியாக ஓடாது. வாங்கிய பிறகு இது தெரிந்தால் வம்பு உங்கள் தலையில்தான் விழும்.

கான்ஃபிகரேஷனுக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். இன்டெல் ஐ3 12-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல், 16 ஜிபி ரேம், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிரைவ்). ரேம் ஒரே 16-ஆக இல்லாமல் இரண்டு 8-ஆக இருந்தால் வேகம் கூடும். அசெம்பிள் என்றால் பிராசஸர் எண்ணின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். 12100 வேறு, 12100எஃப் வேறு. எஃப் மலிவாகக் கிடைக்கும். அதில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாமல் மானிட்டரில் படமே வராது.

அசெம்பிளா பிராண்டடா என்பதற்கு ஒரே அளவுகோல்: கெட்டுப்போனால் யார் போய் நிற்பது? அசெம்பிளில் ஒவ்வொரு பார்ட்டுக்கும் ஒரு வாரன்டி, ஒரு சர்வீஸ் சென்டர். 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன்) போட வேண்டிய காலையில் போர்டு போனால், கழற்றிக்கொண்டு அலையப்போவது நீங்கள்தான். உங்களுக்கு ஹார்டுவேர் சர்வீஸ் தொழில் இல்லையென்றால், பிசினஸ் சீரிஸ் பிராண்டட் மெஷினை 3 வருட ஆன்சைட் வாரன்டியோடு (ஆள் கடைக்கே வந்து சரிசெய்வது) எடுங்கள். அதில் ஒரு குறையும் உண்டு: குட்டி கேபினட் மாடல்களில் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும், வாரன்டி முடிந்தபின் கடையில் சட்டென்று கிடைக்காது. இடமிருந்தால் டவர் மாடலே நல்லது. கடையிலேயே சீரியல் நம்பரைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டு, வாரன்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள். வீட்டிலிருந்து நீங்கள் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைய வேண்டும் என்றால் விண்டோஸ் ப்ரோ தேவை. ஹோம் பதிப்பில் அந்த வசதி இல்லை.

பில் கண்டிப்பாகக் கடைக்காரர் பெயரில், அவருடைய ஜிஎஸ்டி எண்ணோடு, அவர் கணக்கிலிருந்தே பணம் போகட்டும். 40,000 ரூபாய் மெஷினுக்கு 18 சதவீதம், அதாவது 7,200 ரூபாய் வரி. அவர் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம்) இல்லையென்றால் அதை இன்புட் கிரெடிட்டாக, அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுக்கலாம். நீங்கள் உங்கள் பெயரில் வாங்கிக் கொடுத்தால், உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லாதபோது அது அவருக்குப் போச்சு. பில் கையில் இருந்தாலும் விற்றவர் ரிட்டர்ன் போட்டு, அது கடைக்காரரின் ஜிஎஸ்டிஆர்-2பியில் (போர்ட்டல் காட்டும் கிரெடிட் பட்டியல்) வந்தால்தான் கிரெடிட். கிரெடிட் எடுத்த வரித்தொகையைச் சொத்து மதிப்பில் சேர்த்துத் தேய்மானமும் கேட்கக் கூடாது. உங்கள் உழைப்புக்குத் தனியாக சர்வீஸ் சார்ஜ் சொல்லி வாங்குங்கள். மெஷின் விலைக்குள் ஒளித்து வைத்தால், நாளை அவர் ஆன்லைனில் விலை பார்க்கும்போது மனக்கசப்புதான் மிஞ்சும்.

கேள்வி: டிராவல்ஸ் ஆபீஸ் ஒன்றுக்கு 4 ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்து விற்கும்) டெஸ்க்டாப் பார்க்கிறேன். நம்பலாமா? – வாசகி, மடிப்பாக்கம்

பதில்: நம்பலாம், இன்டெல் பிராசஸர் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதவரை. பிராசஸர் எண்ணின் தொடக்கமே தலைமுறையைச் சொல்லும்: ஐ5 8500 என்றால் 8, ஐ5 10400 என்றால் 10. “ஐ5 7500தான், ஆனா விண்டோஸ் 11 போட்டுத் தர்றோம்” என்பார்கள். விண்டோஸ் 11-இன் ஹார்டுவேர் தகுதிச் சோதனையை ஏமாற்றிப் போட்டது அது. அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

நான்கையும் கடையிலேயே ஆன் செய்யச் சொல்லுங்கள். பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் செட்டிங்ஸ் திரை) நுழைய, ஆன் செய்தவுடன் அழுத்த வேண்டியது டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1. பாஸ்வேர்டு கேட்டால் அந்த மெஷின் வேண்டாம். எஸ்எஸ்டியை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் பார்த்தால் எத்தனை மணி நேரம் ஓடியது, ஆயுள் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். பல ஆபீஸ் மாடல்களில் எச்டிஎம்ஐ இருக்காது, டிஸ்ப்ளே போர்ட் மட்டும்தான், வைஃபையும் இருக்காது. அந்தக் கேபிள், அடாப்டர் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு விலை பேசுங்கள்.

கேள்வி: டேலி ஓடும் கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் அவசியமா? – வாசகர், பெரம்பூர்

பதில்: அவசியம். என்ட்ரி எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் டேட்டா கெட வாய்ப்பு அதிகம். ஒரு டெஸ்க்டாப், ஒரு மானிட்டருக்கு 600 விஏ போதும். சேமித்துவிட்டு ஷட்டவுன் செய்ய நேரம் கிடைக்கும். நெட்வொர்க்கில் இரண்டு பேர் டேலி போட்டால், டேட்டா இருக்கும் மெஷினோடு நெட்வொர்க் சுவிட்சுக்கும் யுபிஎஸ் இணைப்பு கொடுங்கள். லேசர் பிரின்டரை மட்டும் அதில் செருகாதீர்கள். சூடேறும் நொடியில் அது இழுக்கும் கரன்டில் யுபிஎஸ் ஓவர்லோடாகி, எல்லாம் ஒன்றாக அணைந்துவிடும்.