ஆன்சிபிள் என்ற சர்வர் நிர்வாகக் கருவியிலிருந்து விண்டோஸ் சர்வரில் பவர்ஷெல் ஸ்கிரிப்ட் ஓடவில்லை, ஏன்?

பிங் போகிறது, ஆனால் பிளேபுக் (ஆன்சிபிளுக்கு எழுதித் தரும் வேலைப் பட்டியல்) மட்டும் 'இணைக்க முடியவில்லை' என்று நிற்கிறது என்கிறீர்கள். பிங்கை நம்பாதீர்கள். இணைப்பு வகையைச் சொல்லாவிட்டால் ஆன்சிபிள் எஸ்எஸ்ஹெச் (லினக்ஸில் வழக்கமான தொலை இணைப்பு முறை) வழியாக 22-ஆம் போர்ட்டைத்தான் தட்டும். விண்டோஸில் பெரும்பாலும் அங்கே ஆளே இருக்காது.

இன்வென்டரியில் (சர்வர்களின் பட்டியல் இருக்கும் கோப்பில்) இணைப்பு வகையை வின்ஆர்எம், அதாவது விண்டோஸின் தொலை நிர்வாக முறை, என்று மாற்றுங்கள். ஆன்சிபிள் ஓடும் மெஷினில் அதற்கான பைதான் தொகுப்பான பைவின்ஆர்எம் நிறுவியிருக்க வேண்டும். அப்புறம் போர்ட்: ஹெச்டிடிபி என்றால் 5985, ஹெச்டிடிபிஎஸ் என்றால் 5986. நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஆன்சிபிள் 5986-க்குத்தான் போகும். சர்வரோ இயல்பாக 5985-இல் மட்டும் காத்திருக்கும்.

டொமைன் கணக்கா (நிறுவன நெட்வொர்க்குக்குப் பொதுவான கணக்கு)? பேசிக் என்ற சரிபார்ப்பு முறை அந்த சர்வரிலேயே உள்ள உள்ளூர் கணக்குகளுக்கு மட்டும்தான். அதற்குப் பதில் கெர்பரோஸ் அல்லது என்டிஎல்எம் முறையை வையுங்கள். இது தெரியாமல் பாஸ்வேர்டை நாலு தடவை மாற்றி அரை நாளை வீணாக்கியவன் நான்.

சரி, இணைந்த பிறகும் ஸ்கிரிப்ட் வேறொரு சர்வரின் ஃபோல்டரைத் திறக்கும்போது 'அனுமதி இல்லை' வந்தால், கெர்பரோஸில் டெலிகேஷனை (உங்கள் அடையாளத்தை அடுத்த சர்வருக்கும் கடத்தும் வசதியை) இயக்குங்கள்.